எட்டுக் கொம்பு ரவுட்டரும் சைஸ் கல் சுவரும்

எங்கள் வீட்டில் ஆப்பிள் சாமான் எத்தனை இருக்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணிப் பார்த்தேன். ஒன்பது வந்தது. கடையில் முழு விலை கொடுத்து வாங்கியது அதில் இரண்டுதான். ஆபீஸ் கொடுத்த மேக்புக், துபாய் மச்சான் ஊருக்கு வரும்போதெல்லாம் விட்டுவிட்டுப் போகும் பழைய ஐபோன்கள், மகளுக்கு ஈஎம்ஐயில் எடுத்த ஐபேட், பெங்களூரில் வீடு மாற்றும்போது தங்கை "நீங்களே வெச்சிக்கங்க" என்று தள்ளிவிட்ட ஆப்பிள் டிவி. மிச்சமெல்லாம் இப்படிச் சேர்ந்ததுதான். கோலார் தங்கவயலில், அதுவும் கோரமண்டலில், ஒன்பது ஆப்பிளா என்று சிரிப்பவர்கள் சிரிக்கலாம். பாதி ஊர் தினமும் ரயிலேறி பெங்களூர் போய்ச் சம்பாதிக்கிறது. சம்பாதிக்கும் இடத்தின் சாமான் வீட்டுக்கு வராமல் இருக்குமா?

நானும் அந்த ரயில்கூட்டம்தான். வாரத்தில் இரண்டு நாள் விடியற்காலை ஸ்வர்ணா ரயில், மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. அந்த மூன்று நாள்தான் பிரச்சினை. மீட்டிங்கில் நான் வாயைத் திறந்தால் "வாய்ஸ் கட் ஆகுது" என்பார்கள். என் மேஜை வீட்டின் பின்னறையில். இன்டர்நெட் மோடம் முன்னறையில், டிவிக்கு மேலே, மரப்பெட்டிக்குள். ஃபைபர் இழுக்க வந்த பையன் அங்கேதான் வைத்தான், ஏனென்றால் அவன் கொண்டுவந்த கேபிள் அதுவரைக்கும்தான் எட்டியது. நம் ஊரில் முக்கால்வாசி வீடுகளில் ரவுட்டர் இருக்கும் இடத்தைத் தீர்மானித்தது இந்தக் கேபிளின் நீளம்தான் என்று நினைக்கிறேன்.

முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவில் சமையலறை. அதன் இரண்டு பக்கமும் சைஸ் கல் சுவர், ஒன்றரை அடி கனம். நைனா (என் அப்பா) சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டை விட்டு வந்து கட்டிய வீடு இது. கோலார் பக்கம் கருங்கல்லுக்கா பஞ்சம்? செங்கல்லை விட கல் மலிவு என்று அந்தக் காலத்தில் கட்டிவிட்டார். வெயிலுக்குக் குளுகுளுவென்று இருக்கும். வைஃபைக்குச் சமாதி.

நான் செய்த முதல் தப்பு, எல்லாரும் செய்வதுதான். பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் போய் நின்று, "வீட்ல பூரா ஆப்பிள், சிக்னல் வரல, நல்லதா ஒண்ணு குடுங்க" என்றேன். கடைக்காரர் பெரிய பெட்டியாக எடுத்து வைத்தார். மேலே 6000 என்று எண். திறந்தால் கருப்பாக, எட்டு ஆன்டெனாவோடு, கவிழ்த்துப்போட்ட சிலந்தி மாதிரி ஒன்று. வாங்கி வந்து மாட்டினேன். நைனா கட்டிலில் உட்கார்ந்தபடி பார்த்தார்.

"இன்னாடா இது, எட்டுக் கொம்பு வெச்சிக்கினு நிக்குது? முட்டுமா?"

முட்டவில்லை. பின்னறையில் வீடியோ அதே மாதிரி உறைந்தது.

அதற்கப்புறம்தான், வாங்குவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். அளந்தேன். ஐபோன் வைத்திருப்பவர்கள் ஆப் ஸ்டோரில் 'ஏர்போர்ட் யுட்டிலிட்டி' என்று தேடுங்கள், ஆப்பிளுடையது, காசு கிடையாது. போன் செட்டிங்ஸில் அந்த ஆப்பின் பக்கத்துக்குப் போய் வைஃபை ஸ்கேனர் என்பதை ஆன் செய்துவிட்டு ஆப்பைத் திறந்தால், அக்கம்பக்கத்து வைஃபை அத்தனையும் எந்தச் சேனலில், எவ்வளவு பலத்தில் வருகிறது என்று காட்டும். மேக்கில் ஆப்பே வேண்டாம். ஆப்ஷன் கீயை அழுத்திக்கொண்டு மேலே இருக்கும் வைஃபை படத்தைத் தட்டினால் போதும், எல்லா எண்ணும் கொட்டும்.

பலம் மைனஸில் இருக்கும். பூஜ்யத்துக்கு எவ்வளவு கிட்டேயோ அவ்வளவு நல்லது. ஒவ்வொரு 10 குறையும்போதும் வந்து சேரும் சக்தி பத்தில் ஒரு பங்காகிவிடும். எங்கள் முன்னறையில் மைனஸ் 45. சமையலறையில் மைனஸ் 66. என் மேஜையில் மைனஸ் 81. முன்னறைக்கும் மேஜைக்கும் 36 வித்தியாசம், கணக்குப் போட்டால் சுமார் நாலாயிரத்தில் ஒரு பங்கு. நடந்தால் பதினைந்து தப்படி. ஐபோன் மைனஸ் 70-ஐத் தாண்டினாலே வேறு நல்ல சிக்னல் உண்டா என்று தேட ஆரம்பித்துவிடும். மேக் மைனஸ் 75 வரை பொறுக்கும். என் மேஜையில் இரண்டுமே தேடிக்கொண்டேதான் இருந்தன, கிடைப்பதற்கு ஒன்றும் இல்லாமல்.

எங்கள் ஊர் சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கத்தில் 1965இல் நியூட்ரினோவைப் பிடித்தார்கள். டாடா ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழக ஆட்களோடு சேர்ந்து, இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே கருவிகளை வைத்துக் காத்திருந்து பிடித்தது. அத்தனை பாறையையும் ஒன்றுமே இல்லாததுபோல் ஊடுருவி வருகிற துகள் அது. இங்கே என் வைஃபை, அம்மாவின் சமையலறைச் சுவரைத் தாண்டவில்லை.

எட்டுக் கொம்பு ஏன் உதவவில்லை என்பதை ஆற அமரச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காசு போவது அங்கேதான். பெட்டி மேல் 6000 என்று போடுகிறார்களே, அது ஒரு வேகம் இல்லை. 2.4 கிகாஹெர்ட்ஸில் 1148, 5 கிகாஹெர்ட்ஸில் 4804, இரண்டையும் கூட்டிக் கொஞ்சம் மேலே தூக்கிவிட்டது. ஐபோனோ மேக்கோ இரண்டிலும் ஒரே சமயத்தில் ஓடாது. அந்த 4804 வேண்டுமென்றால் போனிலும் நாலு ஆன்டெனா இருக்க வேண்டும், 160 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனல் வேண்டும். வைஃபை 6 இருக்கும் ஐபோனிலும் மேக்புக்கிலும் வைஃபைக்கு இரண்டு ஆன்டெனா. 5 கிகாஹெர்ட்ஸில் அவை 80 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் போவதில்லை. 2019இல் வந்த ஐபோன் 11 தொடங்கி, வைஃபை 6 இருக்கும் ஆப்பிள் போன்கள் அந்த அலைவரிசையில் எட்டக்கூடிய உச்சம் 1200தான். பெட்டியில் 1800 என்று போட்ட சின்ன ரவுட்டரைப் பாருங்கள்: 574-ம் 1201-ம். ஆப்பிள் வீட்டுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. நம் வீட்டுக்கு வருகிற லைன் 100 மெகாபிட் என்பதை வேறு இதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாலு ஆன்டெனா அடியோடு வீண் என்று சொல்ல மாட்டேன். பலவீனமான சிக்னலைக் கொஞ்சம் நன்றாகக் கேட்கும். ஆனால் வைஃபை ஒருவழிப் பேச்சு இல்லை. ரவுட்டர் எவ்வளவு கத்தினாலும் போன் பதில் சொல்ல வேண்டும், போனின் தொண்டை சின்னது. போனில் கோடு முழுசாகத் தெரிந்தும் பக்கம் திறக்காமல் சுற்றும் பாருங்கள், பல நேரம் காரணம் இதுதான்.

இதையெல்லாம் நான் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் புலம்ப, நைனா கேட்டுக்கொண்டிருந்தார். அவர் சாம்பியன் ரீஃபில் டிரில் மெஷின் பிடித்தவர். 2001 பிப்ரவரி 28 மைன்ஸ் மூடிய நாள் வரைக்கும் ஷிஃப்ட் போனவர். மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம், பாறையின் சூடே 60 டிகிரிக்கு மேல் என்றிருந்த இடம் அது.

"கீழ காத்து பத்தலன்னா, மேல பெரிய ஃபேனா வெச்சா ஆயிடுமா? குழா போட்டு, ஆள் நின்னு வேல செய்ற எடத்துக்குக் கொண்டாந்து வுடணும். அதான் காத்து."

நான் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன். இதைச் சொல்ல நைனா தேவைப்பட்டார்.

ஒரு ரவுட்டரைப் பெரிதாக்குவதில் அர்த்தமே இல்லை. ஆள் இருக்கும் இடத்துக்குக் கம்பியைக் கொண்டுபோய், அங்கே இன்னொரு சின்ன ரவுட்டரை வைக்க வேண்டும். மெஷ் என்று இரண்டு மூன்று உருண்டைகளாக விற்கிறார்களே, அது நல்ல சாமான்தான். ஆனால் உருண்டைக்கும் உருண்டைக்கும் நடுவே கம்பி இல்லாமல் காற்றிலேயே பேசவிட்டால், அந்தப் பேச்சும் இதே கல் சுவரைத்தான் தாண்டியாக வேண்டும். செங்கல் வீட்டில், ஹாலோ பிளாக் வீட்டில் அது ஓடும். கல் வீட்டில் ஓடாது. லைன் வீட்டுக்காரர்களுக்கு வேறு தலைவலி: வீடு சின்னது, ஒரு ரவுட்டரே தாராளம், ஆனால் இந்தப் பக்கம் ஆறு வீடு அந்தப் பக்கம் ஆறு வீடு என்று எல்லார் வைஃபையும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத சேனல் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. அவர்கள் 5 கிகாஹெர்ட்ஸை நம்புவதே மேல். தடுப்பைத் தாண்டாத அதன் குணம் அங்கே வரம்.

ஆப்பிளே ஒரு ரவுட்டர் விற்றால் இந்த யோசனையெல்லாம் தேவைப்படாது. விற்றார்கள். 1999 ஜூலையில் நியூயார்க் மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ், இன்டர்நெட் ஓடிக்கொண்டிருந்த ஐபுக்கை எடுத்து ஒரு வளையத்துக்குள் நுழைத்துக் காட்டினார், பார், கம்பி ஒன்றும் இல்லை என்று. அந்தப் பெட்டிக்கு ஏர்போர்ட் என்று பெயர், வேகம் 11 மெகாபிட். வீட்டில் வைஃபை என்ற எண்ணத்தைப் பலருக்கும் முதலில் ஊட்டியது அதுதான். 2018 ஏப்ரலில் நிறுத்திவிட்டார்கள். அந்த ஏர்போர்ட்டுக்காக எழுதிய ஆப்பைத்தான் நான் மேலே அளப்பதற்குச் சொன்னேன். பெட்டி போய்விட்டது, அளவுகோல் மட்டும் மிச்சம். ஓஎல்எக்ஸில் பழைய ஏர்போர்ட் எக்ஸ்ட்ரீம் பார்த்து ஆசைப்படாதீர்கள். கடைசி மாடலே 2013இல் வந்தது.

சரி, சுவரைத் துளைத்த கதை. வாடகைக்கு ஹேமர் டிரில் எடுத்து வந்து, எலக்ட்ரீஷியன் பையன் சமையலறைச் சுவரின் நட்ட நடுவில் முனையை வைத்தான். நைனா கட்டிலை விட்டு எழுந்து வந்துவிட்டார். எழுபது தாண்டியவர், இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்கும். பையனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, சுத்தியலால் சுவரை அங்கங்கே தட்டினார். காதைக் கிட்டே வைத்துத் தட்டினார். அப்புறம் முழங்காலுக்குக் கீழே ஓரிடத்தில் சாக்பீஸால் புள்ளி வைத்தார்.

"கல்ல தொளைக்காத. கல்லுக்கும் கல்லுக்கும் சந்து இருக்குது பாரு, அதுல வுடு. அந்தப் பக்கம் கொஞ்சம் எறக்கமா வரட்டும், மழத் தண்ணி உள்ள வராது."

வாயில் துணி கட்டாமல் யாரும் கிட்டே நிற்கக் கூடாது என்று ஒரு சத்தம் போட்டார். கல் தூசி நெஞ்சுக்குள் போய் என்ன செய்யும் என்று இந்த ஊரில் யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஈரத்துணி கட்டிக்கொண்டோம். பத்து நிமிஷத்தில் முனை அந்தப் பக்கம் வந்துவிட்டது. பையன் முதலில் வைத்த இடத்தில் என்றால் அரை நாள் ஆகியிருக்கும், முனையும் இரண்டு போயிருக்கும்.

கேட் 6 கேபிள் இருபத்திரண்டு மீட்டர் ஆனது. இந்தக் கம்பி நூறு மீட்டர் வரைக்கும் தாராளமாகப் போகும், ஆகவே வீட்டுக்குள் எங்கு இழுத்தாலும் பயமில்லை. வாங்கும்போது முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு கொடுத்ததும் அதே பெட்டியில் வருகிறது. வெளிச்சுவரில் ஓடும் துண்டுக்குக் குழாய் போட்டுவிட்டோம், குரங்குக்காக.

ரவுட்டர் இரண்டு, ஒரே கம்பெனி, ஒரே மாடல், அந்த 1800 ரகம். ஒன்று முன்னறையில், மரப்பெட்டிக்கு வெளியே, ஆள் உயரத்தில். மற்றது பின்னறையில், ஆக்சஸ் பாயின்ட் மோடில், அதாவது முகவரி கொடுக்கும் வேலையை முன்னறை ரவுட்டருக்கு விட்டுவிட்டு வைஃபையை மட்டும் பரப்பும்படி. கடையில் நான் பார்த்தது நாலே விஷயம்தான்: வைஃபை 6 இருக்கிறதா, பின்னாலிருக்கும் சொருகிகள் கிகாபிட்டா (மலிவு மாடல்களில் இன்னும் 100தான் வருகிறது), டபிள்யூபிஏ3 உண்டா, ஆக்சஸ் பாயின்ட் மோடு உண்டா. வைஃபை 7, 6 கிகாஹெர்ட்ஸ் என்று தலையில் கட்டப் பார்ப்பார்கள். நம் நாட்டில் 6 கிகாஹெர்ட்ஸின் கீழ்ப்பாதியை லைசென்ஸ் இல்லாமல் திறந்துவிட வரைவு விதி வந்ததே 2025 மே மாதத்தில்தான். போகட்டும், அது இருந்தாலும் 5-ஐ விட சீக்கிரம் சுவரில் சாகும். கல் வீட்டுக்காரன் அதற்குக் காசு கொடுப்பது, கிணறு இல்லாதவன் மோட்டார் வாங்குவது.

செட்டிங்கில் பாதிச் சண்டை முடியும். ஃபைபர் பையன் எங்களுக்கு இரண்டு பெயர் வைத்துவிட்டுப் போயிருந்தான், ஒன்றின் வாலில் 5ஜி என்று. நைனா அதைப் பார்த்து "நம்ம வூட்டுக்கே ஃபைவ் ஜி வந்துச்சா" என்று அக்கம்பக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். அது செல்போன் 5ஜி இல்லை, 5 கிகாஹெர்ட்ஸ். ஆப்பிள் தன் பரிந்துரையில் சொல்வது, எல்லா அலைவரிசைக்கும், எல்லா ரவுட்டருக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. எதைப் பிடிப்பது என்பதைப் போன் பார்த்துக்கொள்ளும். 2.4-க்கு 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் போதும். பாதுகாப்பு டபிள்யூபிஏ2-வும் 3-ம் கலந்தது. பெயரை மறைத்து வைக்கிற வேலை வேண்டாம், அதனால் பாதுகாப்பு கூடுவதில்லை. மேக் அட்ரஸ் (ஆப்பிள் மேக் இல்லை, ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) பார்த்து உள்ளே விடுகிற பூட்டும் வேண்டாம். 2020இல் வந்த ஐஓஎஸ் 14 முதல் ஐபோன் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு புனை அட்ரஸைத்தான் காட்டுகிறது, பூட்டு உங்களையே வெளியே நிறுத்திவிடும்.

மோடம் ஒரு ரவுட்டர், நீங்கள் வாங்கியது இன்னொரு ரவுட்டர் என்று இரண்டும் முகவரி கொடுக்க ஆரம்பித்தால், ஒரே வீட்டில் இரண்டு நெட்வொர்க் ஆகிவிடும். போன் ஒன்றில், ஆப்பிள் டிவி மற்றதில். ஏர்ப்ளே தேடும், காணாது. மோடத்தை பிரிட்ஜ் மோடில் போடச் சொல்லி கம்பெனிக்குப் போன் செய்யுங்கள். எனக்கு அது நாலு போன் எடுத்தது. 'ஏபி ஐசோலேஷன்' என்று ஒன்று ஆனில் இருந்தாலும் இதே கதைதான், பிரின்டரும் சேர்ந்து காணாமல் போகும். ஏர்டிராப் மட்டும் தப்பிக்கும், அது ரவுட்டரைக் கேட்காமல் போனும் போனும் நேராகப் பேசிக்கொள்வது. ஆகவே "ஏர்டிராப் வேலை செய்யுது, அப்ப வைஃபை நல்லாதானே இருக்கு" என்ற வாதம் செல்லாது.

கடைசியாகக் கரண்ட். காவேரியில் சிவசமுத்திரத்தில் மின்சாரம் எடுத்து, சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து, 1902இல் கொண்டுவந்தது தங்கவயல் சுரங்கத்துக்குத்தான். பெங்களூர் தெருவுக்கு விளக்கு வந்தது 1905இல். அந்தப் பெருமையை நைனா இன்றைக்கும் கரண்ட் போகும் ஒவ்வொரு முறையும் சொல்வார், இருட்டில். ரவுட்டருக்கென்றே கைக்கடக்கமான மினி யுபிஎஸ் வருகிறது, 12 வோல்ட், 2 ஆம்பியர். மோடத்துக்கு ஒன்று, இரண்டு ரவுட்டருக்கும் ஒவ்வொன்று. மோடத்தை மறந்தால் வைஃபை இருக்கும், இன்டர்நெட் இருக்காது.

எட்டுக் கொம்பனையே பின்னறையில் வைத்திருக்கலாமே, எதற்கு இரண்டு புதுசு என்று என் மனைவி கேட்டாள். நியாயம். வைத்தும் பார்த்தேன், ஒரு வாரம். அதன் அடாப்டர் 12 வோல்ட், 4 ஆம்பியர். மினி யுபிஎஸ் தாங்கவில்லை. கரண்ட் போனதும் அது அணைந்து, திரும்ப உயிர் வர இரண்டு நிமிஷம் ஆயிற்று. இந்த ஊர் மழைக்காலத்துக்கு அது சரிப்படாது.

இப்போது என் மேஜையில் மைனஸ் 48. மீட்டிங்கில் நான் பேசுவது கேட்கிறது என்கிறார்கள், கேட்கிறார்களா என்பது வேறு. இரண்டு ரவுட்டர், கேபிள், டிரில் வாடகை எல்லாம் சேர்த்தும் எட்டுக் கொம்பனின் விலை வரவில்லை.

அந்தக் கொம்பன் விற்பனைக்கு. பெட்டி, பில், அடாப்டர் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. பெரிய ஹால், கல் சுவர் இல்லாத வீடு, இன்வெர்ட்டர் உள்ளவர்களுக்கு உகந்தது. கோரமண்டல் ஸ்டேஷன் பக்கம் ஞாயிற்றுக்கிழமை வந்தால் கையோடு எடுத்துப் போகலாம், விலை பேசிக்கொள்ளலாம்.